எங்கள் முகவரியில் நாங்கள் எழுதாத கடிதம்: எஸ்பிஎஃப், டீகிம், டிமார்க் மூன்றையும் பதினெட்டு மாதம் பாவித்த அனுபவம்

2024 ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை காலை ஆறரை மணி. வட்ஸ்அப்பில், எங்களிடம் பொருள் வாங்கும் ரொறன்ரோக் கடைக்கார அண்ணையின் அழைப்பு வந்தது. அங்கே முதல் நாள் இரவு ஒன்பது மணி, கடை பூட்டும் நேரம். சுகம்கூட விசாரிக்கவில்லை. “பிள்ளை, சங்கத்தின்ரை எக்கவுண்ட் மாத்திப்போட்டியளோ?” என்று நேரே கேட்டார்.

நாங்கள் எதையும் மாற்றவில்லை. ஆனால் அவருக்குக் கடிதம் போயிருந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் எங்கள் சங்கத்தின் மின்னஞ்சல் முகவரி, ஓர் எழுத்துப் பிசகாமல். பழைய கணக்கில் கணக்காய்வு நடக்கிறது, இனிப் பணத்தைக் கீழே உள்ள கணக்குக்கு அனுப்பவும் என்று எழுதி, வேறொரு நாட்டு வங்கிக் கணக்கின் இலக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். எங்கள் இலச்சினையும் அடியில் இருந்தது. கடிதம் ‘டியர் சேர்’ என்று தொடங்கியதால்தான் அண்ணைக்குச் சந்தேகம் வந்தது. ஆறு வருடமாக நான் அவருக்கு ‘அன்புள்ள அண்ணைக்கு’ என்று தமிழில்தான் எழுதி வருகிறேன்.

நான் பூநகரியில் ஓர் உற்பத்தியாளர் சங்கத்தில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்க்கிறேன். மொட்டைக்கறுப்பன் அரிசி, ஒடியல், புழுக்கொடியல், ஒடியல் மா. காலபோகத்தில் மானாவாரியாக விளைவதை 43 குடும்பங்களிடம் வாங்கி, கனடாவிலும் சுவிசிலும் லண்டனிலும் உள்ள எங்கள் ஆட்களின் கடைகளுக்கு அனுப்புகிறோம். அந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து வர வேண்டியிருந்தது 3,640 கனேடிய டொலர். ஆவணியில் வரும் காசில்தான் புரட்டாதி உழவுக்கு முற்பணம் கொடுப்போம். அது வராமல் போயிருந்தால் டிரக்டர்காரருக்கு யார் பதில் சொல்வது? அண்ணை அன்று தொலைபேசியை எடுக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எஸ்பிஎஃப், டீகிம், டிமார்க் என்ற மூன்று சொற்களையும் படித்தேன். மூன்றும் காசு கொடுத்து வாங்கும் பொருட்கள் அல்ல. சொந்த டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வைத்திருக்கும் எவரும் தங்கள் டி.என்.எஸ். பதிவில், அதாவது டொமைனின் பொது அறிவித்தல் பலகையில், எழுதி வைக்கக்கூடிய அறிவித்தல்கள். போலிக் கடிதத்தைத் தடுக்க இவை உண்மையில் உதவுகின்றனவா என்று கேட்பவர்களுக்காக, எங்கள் சங்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மின்னஞ்சல் ஓடும் அடிப்படை விதியை 1982இல் ஜொன் பொஸ்டல் எழுதினார். ஒருவரையொருவர் அறிந்த சில ஆராய்ச்சிக் கூடங்களுக்கு இடையில் கடிதம் போய்வந்த காலம் அது. அனுப்புபவர் இடத்தில் யார் பெயரையும் எழுதலாம், யாரும் சரிபார்க்க மாட்டார்கள். இன்றும் அடித்தளம் அதுதான். எங்கள் முகவரியைப் போட்டு எழுத எங்கள் பாஸ்வேர்டைத் திருட வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை.

எஸ்பிஎஃப், அதாவது எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப அனுமதி உள்ள இயந்திரங்களின் பட்டியல், எங்களிடம் ஏற்கனவே இருந்தது. அதுதான் என்னை மிகவும் குழப்பியது. எங்கள் மெயிலை நடத்துவது கொழும்பில் உள்ள ஒரு நிறுவனம். பெயர் எழுதவில்லை, எழுதுவது முக்கியமும் இல்லை. அவர்களுக்கு முறைப்பாடு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப் போட்டிருக்கிறோம், எங்கள் பக்கத்தில் பிழை எதுவும் இல்லை. முறைப்பாட்டை மூடிவிட்டார்கள். எஸ்பிஎஃப் இருந்தும் எப்படி அந்தக் கடிதம் போனது என்று நான் திருப்பிக் கேட்டதற்கும் அதே பதில்தான்.

என் அண்ணன் மகன் அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படித்தவன். அவன்தான் அந்தக் கடிதத்தின் ‘ஷோ ஒரிஜினல்’ (கடிதத்தின் மூலத் தகவலைக் காட்டும் பக்கம்) படத்தை எடுப்பிக்கச் சொன்னான். கைத்தொலைபேசிச் செயலியில் அது வராது. அண்ணை கடைக் கொம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, கடிதத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, வந்ததைப் படம் பிடித்து அனுப்பினார். மேலே தெளிவாக இருந்தது: எஸ்பிஎஃப், பாஸ்.

“இதென்ன தம்பி, கள்ளக் கடிதத்துக்குப் பாஸ் குடுத்திருக்கு?” என்றேன்.

“மாமி, பாஸ் யாற்றை பேரிலை எண்டு பாருங்கோ” என்றான்.

பாஸ் என்ற சொல்லை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டிய எல்லாருக்கும் தெரியும், தாளில் உள்ள பெயரும் கையில் உள்ள அடையாள அட்டையும் ஒன்றா என்று பார்ப்பார்கள். எஸ்பிஎஃப் அப்படிப் பார்ப்பதில்லை. மின்னஞ்சலில் அனுப்புபவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, கடிதத்தைக் கொண்டு போகும் இயந்திரங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. மற்றது, வாசிப்பவரின் கண்ணுக்குத் தெரிவது. எஸ்பிஎஃப் முதலாவதை மட்டும் கேட்கிறது. லொறிச் சாரதி தன் சொந்தப் பெயரில் சரியான பாஸ் வைத்திருக்கிறான், ஆகவே போகலாம். லொறியில் உள்ள மூட்டைகளில் எங்கள் சங்கத்தின் முத்திரை குத்தியிருக்கிறதே, அவற்றை ஏற்ற இவனுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த மோசடிக்காரர் தன்னுடைய ஏதோ ஒரு டொமைனுக்கு ஒழுங்காக எஸ்பிஎஃப் எழுதி வைத்திருந்தார். அதற்குத்தான் அந்தப் பாஸ்.

இன்னொரு குறையும் உண்டு. எங்களைப் போன்ற சிறு சங்கங்கள் வாடகைக்கு எடுக்கும் மெயில் சேவையில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் கடிதங்கள் ஒரே இயந்திரத்தில் இருந்து போகும். எங்கள் எஸ்பிஎஃப் ‘இந்த இயந்திரத்தில் இருந்து வந்தால் எங்களுடையது’ என்கிறது. நிறுவனம் உள்ளே கட்டுப்படுத்தி வைக்காவிட்டால், அதே இயந்திரத்தில் இருக்கும் பக்கத்து வாடிக்கையாளர் எங்கள் பெயரில் எழுதினாலும் எஸ்பிஎஃப் தலையாட்டும். இதை அவர்களிடம் கேட்டேன். கட்டுப்பாடு இருக்கிறது என்றார்கள். நம்புகிறேன்.

எஸ்பிஎஃப் மட்டும் என்றால் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுப்பேன். 2014இல் அது முறையான தரநிலையாக வந்தபோதே இந்த எல்லை அதில் இருந்தது, ஒளித்து வைக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது, ‘எஸ்பிஎஃப் இருக்கிறது, நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்று வாடிக்கையாளருக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள் மேல்தான்.

அடுத்தது டீகிம். இதை நான் முத்திரை என்று நினைத்துக்கொள்கிறேன். கடிதம் புறப்படும்போது எங்கள் மெயில் சேவை தன்னிடம் மட்டும் உள்ள இரகசியச் சாவியால் ஓர் ஒப்பம் வைக்கும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி எங்கள் டி.என்.எஸ்.இல் இருக்கும். வழியில் உள்ளடக்கத்தை மாற்றினால் ஒப்பம் உடைந்துவிடும். யாகூவும் சிஸ்கோவும் தனித்தனியாக ஆரம்பித்த இரண்டு முயற்சிகளை ஒன்றாக்கி 2007இல் வெளியிட்டது இது.

இதைப் போடுவதில்தான் நான்கு நாள் போனது. பொதுச் சாவி 2,048 பிட். எழுத்தில் பார்த்தால் நாலு வரி நீளமான, அர்த்தமில்லாத எழுத்துச் சரம். டி.என்.எஸ்.இல் ஒரு சரம் 255 எழுத்துக்கு மேல் போக முடியாது, நீளமானதை இரண்டாக வெட்டி மேற்கோள் குறிக்குள் அடுத்தடுத்து எழுத வேண்டும். அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகை மிச்சத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் வெட்டி விட்டுவிட்டு, ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டியது. நான் அனுப்பிய ஒவ்வொரு பரிசோதனைக் கடிதமும் டீகிம் தோல்வி, தோல்வி என்று வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒட்டிய சாவியையும் உலகத்துக்குத் தெரிகிற சாவியையும் தாளில் அச்சடித்து, அடிமட்டம் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். மூன்றாம் வரியின் நடுவில் நின்றுபோயிருந்தது. டீகிம் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

மூன்றாவது டிமார்க். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அதுவும் மற்ற இரண்டும் ஒழுங்காக இருந்தால். ஓமந்தையில் கேட்ட கேள்வியைக் கேட்பது இதுதான்: கண்ணுக்குத் தெரியும் முகவரியின் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டீகிம் உறுதிப்படுத்திய டொமைனும் ஒன்றா? இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். எதுவுமே பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்பதை டொமைன்காரர் முன்கூட்டியே அறிவித்து வைக்கலாம். ‘நன்’ என்றால் ஒன்றும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் தா. ‘குவாரன்டீன்’ என்றால் குப்பைப் பெட்டியில் போடு. ‘ரிஜெக்ட்’ என்றால் வாசலிலேயே திருப்பு.

நாங்கள் 2024 புரட்டாதியில் ‘நன்’ என்று தொடங்கினோம். உடனே ‘ரிஜெக்ட்’ போட வேண்டும் என்று தலைவி அக்கா அவசரப்பட்டார். அவருடைய பயம் எனக்கும் இருந்தது. தம்பி விடவில்லை. அவன் சொன்னது சரி என்பது முதல் கிழமையே தெரிந்தது.

டிமார்க்கின் பெறுமதி பாதிக்கு மேல் அந்த அறிக்கைகளில்தான் இருக்கிறது. கூகுள், யாகூ, மைக்ரோசொஃப்ட் போன்றவை எங்கள் பெயரில் தங்களிடம் வந்த கடிதங்களின் கணக்கைத் தொகுத்து நாளுக்கு ஒன்று அனுப்புகின்றன. சுருக்கிய கோப்பு, உள்ளே எக்ஸ்எம்எல். முதலில் திறந்தபோது தலை சுற்றியது. பிறகு தம்பி அதை எக்செல் அட்டவணையாக்கித் தந்தான். ஒரு நாள் கூகுளின் அறிக்கையில் மூன்று வரிசை. முதலாவது எங்கள் மெயில் சேவை: 11 கடிதம், இரண்டு சோதனையும் சரி. இரண்டாவது வரிசையில் 2 கடிதம், இரண்டும் தோல்வி. மூன்றாவது, எங்கோ உள்ள ஓர் இயந்திரம்: 26 கடிதம், எல்லாம் தோல்வி.

அந்த 26ஐப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ரொறன்ரோ அண்ணைக்கு வந்தது ஒரு தனிக் கடிதம் என்றல்லவா நினைத்திருந்தோம். எங்கள் பெயரில் யாருக்கெல்லாம் என்னவெல்லாம் எழுதினார்களோ. அறிக்கையில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும், பெற்றவர் பெயர் இருக்காது. அன்றே எங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் தொலைபேசி எடுத்தேன்.

அந்த நடு வரிசை 2 கடிதங்கள் யாருடையவை என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அவை எங்களுடையவைதான். எங்கள் இணையத்தளத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறது. அதில் யாராவது கேள்வி எழுதினால், இணையத்தளம் இருக்கும் இயந்திரம் எங்கள் முகவரியைப் போட்டு அவருக்கு ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பும். அந்த இயந்திரம் எஸ்பிஎஃப் பட்டியலில் இல்லை. அவசரப்பட்டு ‘ரிஜெக்ட்’ போட்டிருந்தால் எங்கள் சொந்தப் பதில்களே திரும்பியிருக்கும், நமக்குத் தெரியவும் வராது. அதைத் திருத்திய பிறகு கார்த்திகையில் ‘குவாரன்டீன்’, 2025 தைப்பொங்கல் முடிந்த கையோடு ‘ரிஜெக்ட்’.

தை மாதக் கடைசி அறிக்கை ஒன்றை அச்செடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வெளி இயந்திரம், 14 கடிதம், முடிவு: ரிஜெக்ட். அந்தப் பதினான்கு பேரும் அதைப் பார்க்கவே இல்லை. பங்குனிக்குப் பிறகு அப்படியான வரிசைகள் நன்றாக அருகிவிட்டன. எங்கள் பெயரை அப்படியே போட்டு எழுதுவது வேலைக்காகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, குறைகள். டிமார்க் பெறுபவர் கடைப்பிடித்தால்தான் உண்டு. பெரிய சேவைகள் கடைப்பிடிக்கின்றன. சொந்தமாக மெயில் இயந்திரம் வைத்திருக்கும் சில இடங்கள் பார்ப்பதே இல்லை. ‘ரிஜெக்ட்’ போட்ட பிறகும் நாங்கள் அடிக்கடி போய்வரும் ஓர் அலுவலகத்துக்கு எங்கள் பெயரில் போலிக் கடிதம் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்த உத்தியோகத்தர் என்னை நேரில் கண்டபோது கேட்டதால்தான் தெரிந்தது.

இன்னொன்று, குழு மடல்கள். மாவட்ட உற்பத்தியாளர்கள் நாங்கள் சிலர் ஒரு குழு மடல் வைத்திருக்கிறோம். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும், அடியில் இரண்டு வரி தானாகச் சேரும். அந்த இரண்டு வரியால் டீகிம் ஒப்பம் உடைகிறது. கடிதம் குழுவின் இயந்திரத்தில் இருந்து போவதால் எஸ்பிஎஃப்பும் எங்கள் பெயரோடு பொருந்தாது. விளைவு, நான் எழுதிய விதைநெல் விலை விபரம் பாதிப் பேருக்குப் போகவில்லை. இது எங்களுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. 2014 சித்திரையில் யாகூ தன் டொமைனுக்கு ‘ரிஜெக்ட்’ அறிவித்தபோது உலகம் முழுவதும் குழு மடல்கள் இப்படித்தான் குழம்பின. இப்போது பெரும்பாலான குழு மென்பொருட்களில் அனுப்புபவர் முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றி அனுப்பும் ஒரு தெரிவு இருக்கிறது. நிர்வாகியைக் கொண்டு அதைப் போடுவித்தோம், பிரச்சினை தீர்ந்தது. சுவிஸ் வாடிக்கையாளர் பழைய முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்குத் தானாகத் திருப்பி விடுபவர். அவருக்கு எஸ்பிஎஃப் தோற்கிறது, டீகிம் தாங்கிக்கொள்கிறது. அந்த நான்கு நாள் வீண்போகவில்லை.

பெரிய குறை வேறு. 2025 ஆடியில் அதே சுவிஸ் வாடிக்கையாளருக்கு மறுபடியும் கணக்கு மாற்றக் கடிதம் வந்தது. அதன் மூலப் படத்தை வாங்கிப் பார்த்தேன். எஸ்பிஎஃப் பாஸ், டீகிம் பாஸ், டிமார்க் பாஸ். மூன்றும் சரி, ஏனென்றால் அது எங்கள் டொமைனே அல்ல. எங்கள் பெயரில் ஓர் எழுத்துக் குறைவான இன்னொரு டொமைனை வாங்கி, அதற்கு மூன்றையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள்.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்த ஆபத்து கூடுதலாக இருக்கிறது. பூநகரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வரைபடத்தில் ஒரு மாதிரி, வீதிப் பலகையில் இன்னொரு மாதிரி, பாடசாலைப் பலகையில் மூன்றாவது மாதிரி. இரட்டை ஓவா, யூவா? முடிவில் ஐயா, வையா? கிளிநொச்சிக்கும் வட்டக்கச்சிக்கும் இதே கதைதான். ஓர் எழுத்து மாறினால் கண் உறுத்துவதில்லை, ஏனென்றால் நாங்கள் வாழ்நாள் முழுவதும் மாறி மாறித்தான் பார்த்து வருகிறோம். இதற்கு டிமார்க்கிடம் பதில் இல்லை. எங்கள் பெயரின் நெருங்கிய இரண்டு எழுத்துக்கூட்டலை நாங்களே வாங்கி, ‘இங்கிருந்து எந்தக் கடிதமும் வராது’ என்று எஸ்பிஎஃப்பிலும் ‘வந்தால் திருப்பு’ என்று டிமார்க்கிலும் எழுதி வைத்திருக்கிறோம். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபா கூடுதல் செலவு. கூட்டத்தில் இதற்குக் கை உயர்த்தாதவர் இல்லை.

சொந்த டொமைன் இல்லாமல் ஜிமெயில் முகவரியிலேயே வியாபாரம் செய்பவர்களுக்கு இந்த மூன்றையும் எழுதி வைக்கும் வேலையே இல்லை, அதை கூகுள் பார்த்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் கடையின் பெயரை வேறொரு ஜிமெயிலுக்கு வைத்து எவனும் எழுதலாம். கைத்தொலைபேசியில் பெயர்தான் தெரியும், முகவரியை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டைத் திருடி உண்மையான பெட்டிக்குள்ளேயே புகுந்துவிட்டால் மூன்றும் ‘சரி’ என்றுதான் சொல்லும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2023க்கு வெளியிட்ட கணக்கில் இப்படியான வணிக மின்னஞ்சல் மோசடிகளில் இழந்ததாக முறையிடப்பட்ட தொகை 2.9 பில்லியன் டொலருக்கு மேல். அதில் எல்லாம் போலி முகவரி அல்ல, புகுந்து எடுத்ததும் உண்டு. ஆகவே பெட்டிகளுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் போட்டோம். கணக்கு இலக்கம் மாறினால் நானோ தலைவி அக்காவோ குரலில் சொல்வோம், எழுத்தில் மட்டும் வந்தால் நம்ப வேண்டாம் என்று ஒவ்வொரு பற்றுச்சீட்டின் அடியிலும் தமிழில் அச்சடிக்கிறோம். ஆடியில் சுவிஸ்காரர் பணம் அனுப்பாமல் எனக்குத் தொலைபேசி எடுத்தது அந்த வரியைப் பார்த்துத்தான்.

அப்படியானால் இவ்வளவு பாடு எதற்கு என்று எங்கள் பொருளாளர் கேட்டார். அவருக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். முன்பு எங்கள் முகவரியையே போட்டு எழுதினார்கள். அதைப் பார்த்துப் பொய் என்று கண்டுபிடிக்க ரொறன்ரோ அண்ணைக்கு ஒரு வழியும் இருக்கவில்லை, என் எழுத்துப் பழக்கத்தைத் தவிர. இப்போது அவர்கள் பிழையான எழுத்தோடு வர வேண்டியிருக்கிறது. கவனமாகப் பார்ப்பவர் கண்டுபிடிக்கலாம். அதோடு எங்கள் நல்ல கடிதங்கள் குப்பைப் பெட்டிக்குள் போவதும் குறைந்துவிட்டது. 2024 மாசியில் இருந்து கூகுளும் யாகூவும் யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டீகிம் கேட்கின்றன, பெருந்தொகையாக (கூகுளின் கணக்கில் நாளுக்கு 5,000 அளவில்) அனுப்புபவர்களிடம் மூன்றும் கேட்கின்றன. எங்களைப் போன்ற சிறியவர்கள் அந்த அளவுக்கு அனுப்புவதில்லைதான். ஆனாலும் போட்ட பிறகு லண்டன் கடைக்காரர் ‘உங்கடை மெயில் ஸ்பாமுக்குள்ளை கிடந்தது’ என்று சொல்வது நின்றுவிட்டது.

மெயில் நிறுவனத்தை நாங்கள் மாற்றவில்லை. வெட்டுப்பட்ட சாவியை நான் படத்தோடு காட்டிய பிறகு, தமிழ் பேசும் ஒரு தங்கச்சி அழைத்து மன்னிப்புக் கேட்டு, அந்தப் பலகையைத் திருத்தித் தந்தார். ஆனால் இப்போதும் புது வாடிக்கையாளருக்கு எஸ்பிஎஃப் மட்டும்தான் போட்டுக் கொடுக்கிறார்கள், மற்ற இரண்டையும் கேட்டால்தான் தருகிறார்கள். ஆகவே கேளுங்கள்.

வன்னிக்குள் சங்கமோ, கடையோ, பாடசாலைப் பழைய மாணவர் அமைப்போ சொந்த டொமைன் வைத்திருந்தால், செவ்வாய் பின்னேரங்களில் வாடியடிச் சந்திக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். இதுவரை நான்கு அமைப்புகளுக்குக் கூட இருந்து செய்து கொடுத்திருக்கிறேன், காசு வேண்டாம். வருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: டொமைன் கணக்கின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். நான்கு பேரில் மூன்று பேருக்கு அது இணையத்தளம் செய்து கொடுத்தவரிடம்தான் இருந்தது. ஒருவர் கட்டாருக்குப் போயிருந்தார், அவரைத் தேடிப் பிடிக்கவே மூன்று கிழமை ஆனது. அறிவித்தலைக் கொண்டுபோய் ஒட்டுவதற்கு அந்தப் பலகையின் திறப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும்.